எடைமேடை

புதுவயல் ரைஸ்மில் வாசலில்
பதினெட்டு வருஷமாக லாரி நிறுக்கிறேன்.
வெறும் வண்டி ஒரு தடவை,
நெல்லேற்றிய வண்டி ஒரு தடவை,
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பாரம்.
மூட்டை குறையுது என்று கத்திக்கொண்டு வருகிறவனும்
சீட்டைப் பார்த்துவிட்டு பீடி பற்றவைத்துப் போய்விடுவான்.

நாயகி,
உன் வெறும் எடை எவ்வளவு என்பதே
எனக்கு மறந்துபோயிருந்தது.

ஆடியில் படுத்தாய்.
பரீட்சை பயம் என்றேன். பிறகு, பையன் யாரோ என்றேன்.
நீ தூங்கும்போது உன் போனை நோண்டினேன்,
வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல.
அதில் ஒன்றுமில்லை.
நாற்பத்திரண்டு அலாரம் இருந்தது,
அத்தனையும் அணைத்தபடி.

மந்திரிக்கச் சொன்னார்கள் எதிர்வீட்டில்.
ஈப்போவிலிருந்து பெரியப்பா
"எங்க காலத்துல இதெல்லாம் ஏதுப்பா" என்றார்.
நானும் சும்மா இருக்கவில்லை.
"உனக்கு என்ன குறை வச்சோம்?"
தப்பாய் அடித்த சீட்டை ரத்துசெய்ய
என் மெஷினில் ஒரு பட்டன் உண்டு.
வாய்க்கு இல்லை.

காரைக்குடிக்கு ஸ்கூட்டரில் போனோம்.
கண்டனூரில் பூட்டிக்கிடக்கும் பெரிய வீடுகளை
ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாய்.
"உள்ள யாராச்சும் இருப்பாங்களாப்பா?"
"காவலுக்கு ஒருத்தர் இருப்பார்.
ஒரு ரூம்ல மட்டும் லைட் எரியும்."
"அத்தனை ரூமுக்கும் அவர் ஒருத்தரா?"
வேகத்தடை வந்தது, நான் பதில் சொல்லவில்லை.

பெரியாஸ்பத்திரியில் நர்ஸ் முழுப்பெயரையும் கூவினாள்:
"கொப்புடைநாயகி!"
பெஞ்சு மொத்தமும் திரும்பியது.
என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாய்,
ஒன்றாம் வகுப்புக்குப் பிறகு அன்றைக்குத்தான்.
டாக்டரம்மா என்னை வெளியே உட்காரச் சொன்னார்.
முக்கால் மணி நேரம்
டெங்குக் கொசுவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு என்னைக் கூப்பிட்டு, உன்னை வைத்துக்கொண்டே சொன்னார்:
"செத்துப்போகத் தோணுதான்னு கேட்டேன்.
சில நாள் தோணுதாம்.
அப்பாகிட்டச் சொல்லலாமான்னேன். சரின்னுட்டா."
கேட்டால் எங்கே வந்துவிடுமோ என்று
மூன்று மாதமாக நான் விழுங்கிக்கொண்டிருந்த கேள்வியை
மணி என்ன என்பது மாதிரி கேட்டிருக்கிறார்.
அன்றிரவு வீட்டிலிருந்த மாத்திரை மருந்தெல்லாம் வாரி
மில் ஆபீஸ் பீரோவில் பூட்டினேன்.
உன்னுடையதை மட்டும் உன் அம்மா
நாளுக்கொன்றாய் எண்ணித் தந்தாள்.

வேலை செய்ய வாரக்கணக்காகுமாம் மாத்திரை.
அதுவரை உன் அறை வாசலில் உட்காரப் பழகினேன்.
பேச ஒன்றும் இருக்காது.
ஒருநாள் படுத்தபடியே "தலையில உமி" என்றாய்.
தட்டிவிட்டேன். அவ்வளவுதான் அன்றைக்கு.

ஐப்பசியில் ஒரு ராத்திரி ஷிப்ட்.
தூக்கம் வரவில்லை என்று பின்னாலேயே ஏறிக்கொண்டாய்.
ரெண்டு மணி இருக்கும். பாய்லர் இரைச்சல்,
அவித்த நெல்லின் வாடை.
"அப்பா, நான் இதுல ஏறலாமா?"
அறுபது டன் தாங்கும் மேடையின் நடுவில்
செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாய், கோயிலில் நிற்பதுபோல.
பலகையில் சிவப்பாய் எரிந்தது: 40.
பத்துப் பத்தாகத்தான் காட்டும் அது.
அதற்குக் கீழே இருப்பது எதுவும் அதற்குத் தெரியாது.
"இவ்வளவுதானா?" என்றாய்.

நானும் இறங்கிவந்து பக்கத்தில் நின்றேன்.
110.
கொஞ்சநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.
"இப்ப இதுல யாரோடது எவ்வளவுன்னு
சொல்ல முடியாதுல்ல?"
அறந்தாங்கி லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
இறங்கினோம்.

மறுநாள் திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய்.
அதற்கடுத்த நாளும்.
வியாழக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது
"குழம்புல உப்பே இல்ல" என்றாய்.
சமையற்கட்டுக்குள் போன உன் அம்மா
வெகுநேரம் வெளியே வரவில்லை.
உப்பு டப்பாவை உன் பக்கம் நகர்த்தினேன்.
நீயே அள்ளிப் போட்டுக்கொண்டாய்,
கொஞ்சம் அதிகமாகவே.